சாலம்னைஸேஷனுக்குத் தமிழில் எதைப் போடுவது? ஓர் அழைப்பிதழுக்காக எடைபோட்ட சொற்கள்

அழைப்பிதழின் மாதிரி ஒரு செவ்வாய்க்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்று மொழி அட்டை. மேலே மலாயில் ‘உபச்சாரா பெர்க்காவினான்’, திருமணச் சடங்கு. நடுவில் ஆங்கிலத்தில் ‘சாலம்னைஸேஷன்’, அதாவது சாட்சிகள் முன்னிலையில் சட்டப்படி மணம் முடிக்கும் முறை. கீழே தமிழுக்கு விட்ட இடத்தில் வெறும் புள்ளிகள். கூடவே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சுக்கடைத் தம்பியின் குரல்பதிவு: “அக்கா, தமிழுக்கு என்ன போடணும்னு நீங்களே சொல்லிடுங்க. என்னை விட்டா வைபவம்னு போட்டுடுவேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது.”

கல்யாணம் என் அக்கா மகளுக்கு. இங்கே பல வீடுகளில் நடப்பதுபோலவே இரண்டு கட்டம். முதலில் பதிவு: ஒரு சனிக்கிழமை காலை, செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தில், நாற்பது பேர். மூன்று மாதம் கழித்துத் தாலி கட்டு: பெரிய மண்டபம், ஊர்ப்பட்ட கூட்டம். முதல் நாளுக்கும் அட்டை அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது பெண்தான். மொழிபெயர்ப்பில் சோறு தின்கிறவள் நான் என்பதால், புள்ளிகளை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரு வரிதானே என்று உட்கார்ந்தேன். இரண்டு போன் அழைப்புக்குள் தூக்கம் போயிற்று.

பெரியம்மா சொன்னார்: “தாலி ஏறாம என்னடி கல்யாணம்? கையெழுத்துப் போடுறதுக்குக் கார்டு வேறயா?”

பெண் சொன்னாள்: “சித்தி, சட்டப்படி அன்னிக்கே நாங்க புருஷன் பொண்டாட்டி. பதிவுன்னு மட்டும் போட்டுடாதீங்க. காருக்கு ரோட் டேக்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு.”

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே எனக்கு வேண்டிய சொல் மூன்று சோதனையில் தேற வேண்டும். அன்றைக்கு நடப்பது விளையாட்டல்ல என்று காதில் விழ வேண்டும். தாலி கட்டோடும் நிச்சயதார்த்தத்தோடும் குழம்பக்கூடாது. படித்ததும் பெரியம்மாவுக்குப் புரிய வேண்டும், மண்டபத்தில் எவரும் சிரித்துவிடவும் கூடாது. இந்த மூன்றாவதுதான் நல்ல நல்ல சொற்களையெல்லாம் காவு வாங்கியது.

ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது

‘சாலம்’ என்றால் நமக்கு உடனே தோன்றுவது உம்மென்ற முகம். இழவு வீட்டு முகம். சொல்லின் பிறப்பில் அந்த முகம் இல்லை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இது லத்தீனில் ‘சொல்லெம்னிஸ்’. குறித்த காலத்தில், முறை பிசகாமல், வழிவழியாக நடத்தப்படும் சடங்குக்கு ரோமானியர் சொன்ன அடைமொழி அது. நம் ஊரில் தைப்பூசம் வருகிற மாதிரி: அது வரும், வந்தாக வேண்டும், இன்னின்னது இப்படித்தான் நடக்கும்.

சொல்லைப் பிரித்தால் முன்பாதி ‘சொல்லுஸ்’. தென் இத்தாலியில் பேசப்பட்ட ஆஸ்கன் மொழியில் அதற்கு ‘முழுமை’ என்று பொருள் என ஃபெஸ்டுஸ் என்ற ரோமானிய இலக்கணக்காரர் எழுதி வைத்திருக்கிறார். பின்பாதியை ‘அன்னுஸ்’, அதாவது ஆண்டு, என்று அந்தக் காலத்திலேயே விளக்கினார்கள். ஆண்டு முழுமை பெற்றதும் மீண்டும் வருவது என்ற அழகான விளக்கம். இன்றைய சொல்லாய்வாளர்கள் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. முன்பாதியில் அவ்வளவு சண்டை இல்லை: முழுமை.

இதே ‘சொல்லுஸ்’ இன்னொரு வேடத்தில் கோலாலம்பூரில் நாள்தோறும் நடமாடுகிறது. ‘சொலிசிட்டர்’ என்ற சொல்லின் அடியிலும் இருப்பது இதுதான். அதன் லத்தீன் மூலத்துக்கு ‘முழுக்க அலைக்கழிக்கப்பட்ட’ என்று பொருள். வீடு வாங்கிக் கடன் பத்திரத்துக்கு நடையாய் நடந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நடுவே ஒரு ‘ப’ ஒலி இருந்தது, ‘சொலெம்ப்ன’ என்பது மாதிரி. அப்போது விருந்தும் பகட்டும் கொண்டாட்டமும் அதற்குள் அடக்கம். சிரிக்காத முகம் என்ற பொருள் பின்னால்தான் ஓங்கியது. ‘ப’ உதிர்ந்துவிட்டது. கடைசி ‘ன’ எழுத்தில் மட்டும் நிற்கிறது, ‘சாலம்’ என்னும்போது வாயில் வருவதில்லை. ‘சாலம்னைஸேஷன்’ என்று நீட்டினால் மட்டும் எழுந்து வருகிறது.

ஆக நான் தேட வேண்டியது சோகத்துக்கான சொல்லை அல்ல என்பது தெளிவாயிற்று. முழுமை, முறை, பலர் முன்னிலை ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்று வேண்டும்.

மலாய்க்காரர் எடுத்துக்கொண்ட நம் வீட்டுச் சொல்

அட்டையில் மேலே இருந்த ‘உபச்சாரா’வை அதுவரை நான் கவனித்ததே இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, பள்ளிச் சபை முதல் அரசாங்கப் படிவம் வரை ஆயிரம் முறை பார்த்த சொல். அன்றிரவு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது ‘உபசாரம்’ என்று படித்தது கண். இரண்டும் ஒரே வடசொல்தான். ‘சர’ என்றால் நடத்தல், இயங்குதல். ‘ஆசாரம்’, ‘உபசாரம்’ எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. மலாயில் ஒன்று ‘அச்சாரா’ ஆகி நிகழ்ச்சியைக் குறிக்கிறது, மற்றது ‘உபச்சாரா’ ஆகிச் சடங்கைக் குறிக்கிறது.

நம்மிடம் வந்த உபசாரமோ அடுப்படிக்குப் போய்விட்டது. உபசரிப்பு என்றால் சாப்பாடு. தீபாவளிக்குத் ‘திறந்த இல்ல உபசரிப்பு’ என்று பத்திரிகையில் போட்டால் மக்கள் பிரியாணிக்குத்தான் கிளம்புகிறார்கள். பழைய பொருள் கோயிலுக்குள் மட்டும் பத்திரமாக இருக்கிறது: சாமிக்குப் பதினாறு வகை உபசாரம் என்று குருக்கள் சொல்லும்போது அது சடங்குதான்.

‘மண உபசாரம்’ என்று போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். மேலே மலாயிலும் கீழே தமிழிலும் ஒரே சொல் இரட்டைப் பிள்ளை மாதிரி நிற்குமே. ஆனால் பெரியம்மா அதைப் படித்தால், “அன்னிக்குச் சாப்பாடு மட்டும்தானா?” என்பார். கைவிட்டேன்.

மாமா கொண்டுவந்த இரண்டு

புதன்கிழமை காலை மாமாவுக்குப் போன் போட்டேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் ஆசிரியர். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது இளவட்டம். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. வடசொல் வாடை வந்தாலே மூக்கைச் சுளிப்பார்.

“பசியாறியாச்சாம்மா?” என்று கேட்டுவிட்டு நேரே தொல்காப்பியத்துக்குப் போனார். “‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப.’ இதுதாம்மா நீ கேக்குற சாலம்னைஸேஷன். காதலிச்சுட்டு இல்லேன்னு பொய் சொன்னான், வழுவினான். பெரியவங்க பார்த்தாங்க, நாலு பேர் முன்னால செய்யிற கரணத்தைக் கட்டுப்பாடா வெச்சாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ரெஜிஸ்ட்ரார்.”

பொருளைப் பார்த்தால் கரணத்தை அடிக்க ஆளில்லை. சட்டம் செய்கிற வேலையை அப்படியே சொல்கிறது. ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, அதுவும் வடசொல் ‘கரண’த்தோடு சேர்த்துப் பேசப்படுவது, இதை மாமாவிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. மற்றது, இன்றைய காதில் கரணம் என்றால் தோப்புக்கரணம், குட்டிக்கரணம், போதாக்குறைக்குக் ‘கரணம் தப்பினால் மரணம்’. கல்யாண அட்டையில் இதை நினைவுபடுத்துவானேன்?

அடுத்து மாமா எடுத்துப்போட்டது ‘கடிமணம்’. இந்தச் சொல்லை விட்டுக்கொடுத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் பத்துப் பொருளை அடுக்குகிறது: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. ஐயமும் கரிப்பும் கூட உண்டு என்று அடுத்த நூற்பா சேர்க்கிறது. இந்த வரிசையைக் கல்யாண நாள் காலையில் ஒரு மணப்பெண்ணின் நெஞ்சுக்குள் வைத்துப் பாருங்கள். புதுமை இருக்கிறது. காப்பு இருக்கிறது. சிறப்பு இருக்கிறது. அச்சம் இருக்கிறது, மறைக்காமல் சொல்லப்போனால் கொஞ்சம் ஐயமும் இருக்கிறது. ‘முன்தேற்று’ என்பது முன்னே நின்று தெளிவித்தல், ஆணையிட்டு உறுதி சொல்லுதல். பதிவாளர் மேசைக்கு முன்னால் நின்று வலக்கையை உயர்த்துகிறவர்கள் செய்வது அதுதானே! சடங்கின் கனத்தையும் உள்ளே அடிக்கிற படபடப்பையும் ஒரே சொல்லில் அடைத்தவர்கள் என்னமாய் யோசித்திருக்கிறார்கள்.

பெண்ணுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில்: “சித்தி, யாரு யாரைக் கடிக்கப்போறது?” கூடவே நாலு சிரிப்பு முகம். கடி என்றால் நாய்க்கடி, கொசுக்கடி, மிஞ்சினால் கடி ஜோக். முடிந்தது கதை.

இதே வரிசையில் நானே தேடிய ‘மணவுறுதி’யும் விழுந்தது. ஒலியும் பொருளும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நிச்சயதார்த்தத்தைத் தமிழாக்கி ‘மண உறுதி விழா’ என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையைப் பார்க்கிற தூரத்துச் சொந்தம், “ஓ, இன்னும் நிச்சயம்தானா, கல்யாணத்துக்குப் போய்க்கலாம்” என்று வீட்டிலேயே இருந்துவிடும்.

எல்லோரும் போடுவது

அச்சுக்கடைத் தம்பியின் ‘வைபவ’த்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செல்வம், பகட்டு, பெருக்கு என்ற பொருளுள்ள வடசொல். ஆயிரம் பேர் சாப்பிடுகிற மண்டபத்துக்குப் பொருந்தும். நாற்பது நாற்காலிக்கும் ஒரு மேசைக்கும் பொருந்தாது.

‘சடங்கு’ பொருளளவில் நேரானது. ஆறு அங்கம் கொண்டது என்ற ‘ஷடங்க’த்தோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் இங்கே நம் வீடுகளில் ‘சடங்கு’ என்று மொட்டையாகச் சொன்னால் பெண் பெரியவளான விசேஷம். ‘சடங்கு கார்டு’ என்று போய்ச் சேர்ந்தால் என் அக்கா மகள் என்னோடு பேசவே மாட்டாள். இன்னொரு குறையும் உண்டு: ‘வெறும் சடங்குக்காக’, ‘சம்பிரதாயத்துக்கு’ என்று நாம் சொல்லும்போது உயிரில்லாதது, ஒப்புக்குச் செய்வது என்றே ஆகிவிட்டது. முறை என்பதே ஒருநாள் வெறும் முறையாகிவிடும் ஆபத்து இந்தச் சொற்களில் அப்பட்டமாகத் தெரிகிறது.

‘பதிவுத் திருமணம்’ எல்லோருக்கும் புரிகிற சொல். பேச்சில் இன்னும் சுருக்கம், திருமணப் பதிவுக்கான ஆங்கில முதலெழுத்துகள்: “ஆர்ஓஎம் முடிஞ்சிருச்சா?” நேர்மையான சொல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ‘திருமணம்’ இருப்பதால் பெரியம்மாவுக்கும், ‘பதிவு’ இருப்பதால் பெண்ணுக்கும் ஆகாது. ஒரே சொல்லில் இரு தரப்பையும் பகைத்துக்கொள்ள இதைவிட வழி கிடையாது.

கம்பீரம் செய்த பயணம்

அடைமொழி ஒன்றைச் சேர்த்துக் கனம் கூட்டினால் என்ன என்று அடுத்து யோசித்தேன். முதலில் கைக்கு வந்தது ‘கம்பீரம்’. வடமொழியில் ‘கம்பீர’ என்றால் ஆழம். ஆழ்ந்த நீர், ஆழ்ந்த குரல். இந்தி அந்த ஆழத்தைக் கவலைப் பக்கம் இழுத்துக்கொண்டது: நோயாளி ‘கம்பீர’ நிலையில் இருக்கிறார் என்றால் வீட்டாருக்குச் சொல்லியனுப்ப வேண்டிய நேரம். தமிழ் அதை நிமிர்த்தி மீசை வைத்தது: கம்பீரமான நடை, கம்பீரமான போலீஸ்காரர். மலாயிலோ அதே சொல் ‘கெம்பிரா’ ஆகி மகிழ்ச்சி என்றாகிவிட்டது. ஒரே ஆழத்திலிருந்து ஒருவர் கவலையை மொண்டார், ஒருவர் வீறாப்பை, ஒருவர் சந்தோஷத்தை. கோலாலம்பூரில் உட்கார்ந்து இந்த மூன்றையும் ஒரே நாளில் காதில் வாங்கலாம் என்பது இந்த ஊரின் கொடுப்பினை.

தமிழில் அந்தப் பழைய ஆழம் அடியோடு போய்விடவில்லை. தைப்பூசத்துக்கு முன் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் மகாமாரியம்மன் கோயில் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்புகிற இரவு. தவில் முழங்குகிறது, நாதஸ்வரம் எழும்புகிறது. சாமி புறப்பாட்டுக்கென்று உள்ள மல்லாரி, கம்பீர நாட்டை ராகத்தில். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பையன் போனைக் கீழே இறக்குகிறான். பக்கத்தில் அதுவரை பேரப்பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி கைகூப்புகிறார். எவரும் எவரையும் அமைதியாக இரு என்று சொல்லவில்லை. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. லத்தீன்காரர் ‘சொல்லெம்னிஸ்’ என்றது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ‘கம்பீர மணப்பதிவு’? மாப்பிள்ளை வாளோடு வருவார் போலிருக்கிறது.

‘பவ்யம்’ நேர் எதிர்ப் பக்கம் விழுகிறது. இந்தியில் பிரம்மாண்டத்தைக் குறிக்கும் அந்தச் சொல், நம்மிடம் வாய்பொத்திக் குனிந்து நிற்கிறது. ‘சிரத்தை’ எனக்குப் பிடித்த சொல். நெஞ்சை ஒன்றில் வைப்பது என்ற பழம்பொருள் அதற்குச் சொல்வார்கள், முன்னோருக்குச் செய்கிற சிராத்தமும் அதிலிருந்து வந்ததே. அந்தத் தொடர்பே அதைக் கல்யாண அட்டைக்கு ஆகாததாக்கிவிட்டது, பள்ளிக்கூடத்து “சிரத்தையாப் படி” மட்டும் மிச்சம். ‘பெருமிதம்’ தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாட்டில் ஒன்று. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கில் பிறப்பது. இன்றைக்கு மேடை அறிவிப்பாளர் “பெருமிதம் கொள்கிறோம்” என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கொள்வதால் தேய்ந்துவிட்டது. ‘மாட்சிமை’யை இந்த நாட்டில் தொடவே முடியாது. ‘மாட்சிமை தங்கிய மாமன்னர்’ என்று அரண்மனைக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. (மலாயில் அரசரைக் குறிக்கும் ‘ஸ்ரீ பாதுக்கா’வில் இருப்பது நம் பாதுகை. அரியணையில் செருப்பை வைத்து ஆண்ட பரதன் கதை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.)

பினாங்கிலிருந்து ஒரு குறுக்கீடு

பினாங்குப் பக்கம் கூட்டாளி ஒருத்தி இருக்கிறாள், கத்தோலிக்கக் குடும்பம். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஜூலையும் இழுத்துக்கொண்டு போவாள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “எங்க கோயில்ல இதுக்கெல்லாம் எப்பவோ முடிவு கட்டியாச்சு” என்றாள். திருச்சபை நாள்காட்டியில் கொண்டாட்டங்களுக்குப் படிநிலை உண்டு. ஆங்கிலத்தில் ‘சாலம்னிட்டி’ என்று வரும் மேல்படிக்குத் தமிழில் ‘பெருவிழா’. அதற்குக் கீழே ‘விழா’, அதற்கும் கீழே ‘நினைவு’. எவ்வளவு எளிமை! உம்மென்ற முகத்தை விட்டுவிட்டு, அளவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். லத்தீன் மூலத்துக்கு ஆங்கிலத்தை விடவும் இது பக்கத்தில் நிற்கிறது.

பழைய தமிழ் வேதாகமக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுக்கு அது ‘ஆசரிப்பு’. விசேஷித்த ஆசரிப்பு, ஆசரிப்புக் கூடாரம். திரும்பவும் அந்த ‘சர’ வேர்தான், நம் அட்டையின் மேல்வரியில் மலாய் வேடத்தில் நிற்கிற அதே வேர்.

பெருவிழாவை என் அட்டைக்கு எடுக்க முடியாது. நாற்பது பேருக்கு என்ன பெருவிழா? ஆனால் அவர்கள் செய்த காரியம் எனக்கு வழி காட்டிற்று. அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. இந்த நாள் மற்ற நாளிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று கேட்டு, அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சட்டம் என்ன கேட்கிறது

செந்தூல் மண்டபத்து நாள் எதில் வேறுபடுகிறது? சட்டத்தையே எடுத்துப் பார்த்தேன். முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்துக்கும் மணவிலக்குக்குமான 1976-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1. அதற்கு முன் நம்மவர்களில் பலருக்குத் தாலியும் ஊர்ப் பெரியவர்களும்தான் அத்தாட்சி. பிறகுதான் பதிவு கட்டாயமாயிற்று, ஒருவனுக்கு ஒருத்தி என்பதும் சட்டமாயிற்று. கோயில்களிலும் தேவாலயங்களிலும் உதவிப் பதிவாளர்களை நியமிக்க அதில் இடமுண்டு. அதனால்தான் தேசியப் பதிவு இலாகா முகப்பில் வரிசையில் நிற்காமல் மண்டபத்திலேயே நாங்கள் வைத்துக்கொள்ள முடிகிறது.

அந்தச் சட்டத்தில் ஒரு சின்ன விவரம். பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும் திருமணம் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் நடுவில், கதவுகள் திறந்திருக்க நடக்க வேண்டும். கதவுகள் திறந்திருக்க! சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். மணமக்கள் இருவரும் மனமொத்துச் சம்மதிக்கிறார்களா என்று பதிவாளர் உறுதி செய்துகொள்ள வேண்டும். இவ்வளவுதான் அந்த நீண்ட ஆங்கிலச் சொல் கேட்பது. மறைவாக நடக்கக்கூடாது, அரைமனதோடு நடக்கக்கூடாது.

கதவு திறந்திருப்பதற்குத் தமிழில் சொல் தேட வேண்டுமா? நம் பாட்டிமார் சண்டையிலேயே இருக்கிறது: “ஊரறியக் கட்டினவளை விட்டுட்டு...” ஊரறிய. சடங்கு, கரணம், வைபவம் எல்லாம் தராத ஒன்றை இந்தச் சொல் தருகிறது. ஊரறியச் செய்ததை நாளைக்கு இல்லையென்று சொல்ல முடியாது. மாமாவின் தொல்காப்பியப் பெரியவர்கள் பொய்க்கும் வழுவுக்கும் மருந்தாக வைத்ததும் இதைத்தான்.

அரைமனது இல்லாமைக்கான சொல் வேறெங்கிருந்தோ வந்தது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் புதிய முதலமைச்சர் பதவியேற்ற காட்சி இங்குள்ள குடும்பக் குழுக்களிலெல்லாம் சுற்றியது, ‘எனும் நான்’ என்ற இரண்டு சொல்லுக்காகவே. அதே உறுதிமொழியில் வருவது ‘உளமார உறுதி கூறுகிறேன்’. இந்திய அரசமைப்பின் ஆங்கில வாசகத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘சாலம்’ என்பதன் வினையடை. அதற்கு எவரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் ‘உளமார’ என்று எழுதியிருக்கிறார்.

‘ஆர்தல்’ என்றால் நிறைதல். வயிறாரச் சாப்பிடுகிறோம், கண்ணாரப் பார்க்கிறோம், வாயார வாழ்த்துகிறோம். உள்ளம் நிறைய, முழு உள்ளத்தோடு என்பதே உளமார. லத்தீன் சொல்லின் அடியில் கிடந்த ‘முழுமை’ அப்படியே இதில் இருக்கிறது. வேர்ச்சொல்லைத் தேடிப்போய் அவர் எழுதினாரா, தமிழ்க் காது தானாகப் போய்த் தொட்டதா, எப்படியிருந்தாலும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் பெயர் தெரியாமலே அவரை நான் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

பெயர்ச்சொல் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். தமிழ் இந்தக் கனத்தை வினையடையில் வைத்திருக்கிறது: என்ன செய்கிறாய் என்பதில் அல்ல, எப்படிச் செய்கிறாய் என்பதில். தலைப்பை எளிமையாக ‘மணப்பதிவு’ என்றே விட்டுவிட்டு, கனத்தைக் கீழ்வரியில் ஏற்றுவது என்று முடிவு செய்தேன்:

மணப்பதிவு
ஊரறிய, உளமார இல்லறம் ஏற்கிறோம்

‘ஏற்கிறோம்’ பெண்ணின் திருத்தம். நான் ‘ஏற்கிறார்கள்’ என்றுதான் எழுதியிருந்தேன். “நாங்கதானே சித்தி சொல்றோம்?” என்றாள். சரிதான். நாற்பது பேர் ஊராகுமா என்றும் கேட்டாள். சட்டத்துக்கு இரண்டு பேர் போதும், நாற்பது பேர் பேரூர் என்றேன். மாமாவுக்கு அனுப்பினேன், ‘கடிமணம் இல்லையா?’ என்று ஒரு வரி மட்டும் வந்தது.

வியாழக்கிழமை இரவு பத்தரைக்குத் திருத்திய மாதிரி வந்தது. தங்க எழுத்து, ஓரத்தில் மயில். பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஊறிய, உளமார இல்லறம் ஏற்கிறோம்.’ ஊறுகாய் விளம்பரம் மாதிரி இருந்தது. தம்பிக்குச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதே மாதிரியைப் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, “ஊரறிய... உளமார...” என்று பிழையில்லாமல் வாய்விட்டுப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“நல்லாத்தான்டி இருக்கு” என்றார். “ஆனா வர்றவங்களுக்கு விருந்துபசரிப்பு உண்டுன்னு ஒரு வரி போடலியே?”